வீட்டில் இ.வி. சார்ஜர் கொதிக்கிறதா? பெட்டியை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இப்போது தெருவுக்கு ஒன்றிரண்டு மின்சாரக் கார் வந்துவிட்டது. சார்ஜர் சூடாகிறது என்று போய் நின்றால் கார் விற்றவர், "உங்க வீட்டு வயரிங் சரியில்லை" என்பார். வயரிங் செய்தவர், "சார்ஜர்தான் கம்ப்ளெயின்ட்" என்பார். கேரள மின்வாரியமான கேஎஸ்இபியின் செக்ஷன் ஆபீஸில், "மீட்டர் வரைக்கும்தான் எங்க வேலை" என்று முடித்துவிடுவார்கள். மூன்று பேரிடமும் அலைந்து முடித்த பிறகு இதை எழுதுகிறேன். நீங்களும் அலைய வேண்டாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் சார்ஜரைப் பொறுத்தவரை சூடு பெரும்பாலும் பெட்டிக்குள் பிறப்பதில்லை. ஏசி கரண்டை டிசியாக மாற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் தொங்கும் பெட்டி, கிட்டத்தட்ட ஒரு புத்திசாலி சுவிட்ச். கரண்ட் அதற்கு வந்து சேரும் வழியில் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கும், அங்கேதான் கொதிக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அளந்து, எழுத்தில் வாங்கிவிட்டால் அந்த மூன்று பேரில் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

1. முதலில் நிறுத்துங்கள், ஆனால் ப்ளக்கைப் பிடுங்காதீர்கள்

கருகிய வாசனையோ, தொட முடியாத சூடோ வந்தால் கை தானாக ப்ளக்குக்குத்தான் போகும். லோடு ஓடும்போது ப்ளக்கை உருவினால் உள்ளே தீப்பொறி பறந்து, அரைகுறையாக இருந்த சாக்கெட் முழுதாகப் போய்விடும். கார் திரையிலோ ஆப்பிலோ சார்ஜிங்கை நிறுத்துங்கள். அப்புறம் அந்த லைனின் எம்சிபியை (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே விழும் சுவிட்ச்) இறக்குங்கள். சூடு ஆறியபிறகு கழற்றுங்கள். புகை தெரிந்தால் மெயினையே இறக்கிவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் 101-க்கு அழையுங்கள்.

ஆறியதும் எதையும் துடைக்காமல் போட்டோ எடுங்கள். ப்ளக்கின் மூன்று பின்கள், சாக்கெட்டின் முகம், சார்ஜரின் சீரியல் நம்பர் ஸ்டிக்கர், எம்சிபியின் மேல் எழுதியிருக்கும் எண். சாக்கெட்டைக் கழற்றியதும் அதன் முதுகுப்பக்கத்தையும் எடுங்கள். பின்னால் வாரண்டி பேசும்போது இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும். உப்புத்தாள் வைத்துப் பின்னைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை வேண்டவே வேண்டாம். மேல்பூச்சு போய், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கறுக்கும். சாட்சியும் போய்விடும்.

2. எந்த இடம் கொதிக்கிறது என்று பாருங்கள்

பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும்போது முழு வேகத்தில் சார்ஜ் போட்டு, முக்கால் மணி நேரமாவது விடுங்கள். சூடு ஏற நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லையே" என்று சொல்லும் வயர்மேனை நம்ப வேண்டாம். கருகிய அடையாளம் ஏற்கெனவே இருந்தால் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், நேராக 4-க்குப் போங்கள்.

இப்போது புறங்கையால், வெளிப்பக்கத்தை மட்டும், வரிசையாகத் தொட்டுப் பாருங்கள்: கார் வாயில் செருகும் துப்பாக்கி, கேபிள், பெட்டி, ப்ளக், சாக்கெட், டிபி பாக்ஸில் (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) அந்த எம்சிபி, மெயின் சுவிட்ச். ஆயிரம் ரூபாய் சுமாருக்கு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கிடைக்கிறது, இரவல் கிடைத்தாலும் போதும். ஆனால் பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துத்தான் காட்டும். பிளாஸ்டிக் பரப்பைப் பார்த்துக் காட்டுங்கள்.

கேபிள் முழுக்க ஒரே சீராக வெதுவெதுப்பாக இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. கரண்ட் போனால் வயர் கொஞ்சம் சூடாகத்தான் செய்யும். ஓர் இடம் மட்டும் தனியாகக் கொதித்தால் அதுதான் வில்லன். நான் வைத்திருக்கும் கணக்கு இது: வெளியில் இருக்கும் வெப்பத்தைவிட 20 டிகிரி வரை கூடினால் சும்மா விடலாம், ப்ளக்கின் மேற்பரப்பே 60 டிகிரியைத் தொட்டால் உடனே நிறுத்த வேண்டும். வீட்டில் ஓடும் சாதாரண பிவிசி வயரின் உறை 70 டிகிரிக்குத்தான் செய்யப்பட்டது. மேலே 60 என்றால் உள்ளே அதைவிட அதிகம்.

பாலக்காட்டுப் பக்கம் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. மேற்குச் சுவரில், கூரை இல்லாமல், கறுப்புப் பெட்டியை மாட்டியிருந்தால் மதியம் அது சார்ஜ் போடாமலேயே கொதிக்கும். அப்படியானால் இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். இரவில் சூடே இல்லையென்றால் நீங்கள் வாங்க வேண்டியது ஒரு தகரக் கூரைத்துண்டு மட்டும்தான். பெட்டிதான் சூடு, அதுவும் இரவிலும் சூடு, ப்ளக்கும் சாக்கெட்டும் குளிர்ச்சி என்றால் அப்போது பெட்டியைச் சந்தேகிக்கலாம். உள்ளே கரண்டைத் திறந்து மூடும் ரிலேயின் முனை தேய்ந்திருக்கலாம், டெர்மினல் தளர்ந்திருக்கலாம். சீலை உடைக்காதீர்கள், வாரண்டி போய்விடும்.

3. ஒரு சின்னக் கணக்கு

இதை வயர்மேனைத்தான் செய்யச் சொல்ல வேண்டும், நீங்கள் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளுங்கள். நான்கே எண்கள். சார்ஜ் ஓடாதபோது டிபியில் எவ்வளவு வோல்ட், சாக்கெட்டில் எவ்வளவு. சார்ஜ் ஓடும்போது இரண்டு இடத்திலும் எவ்வளவு.

உதாரணத்துக்கு, ஓடாதபோது இரண்டு இடத்திலும் 238. ஓடும்போது டிபியில் 233, சாக்கெட்டில் 226. டிபிக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் 7 வோல்ட் காணாமல் போகிறது. நடுவில் இருப்பது 12 மீட்டர் நீள 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) செம்பு வயர் என்றால், 15 ஆம்பியரில் நியாயமாக விழ வேண்டியது 2 வோல்ட்டுக்கும் குறைவு. மிச்சம் 5 வோல்ட்டுக்கு மேல். அதை 15 ஆல் பெருக்கினால் 75 வாட்டைத் தாண்டுகிறது. சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படி மூன்றை ஒன்றாகக் கட்டி உங்கள் சுவருக்குள் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

டிபியிலேயே பத்து, பதினைந்து வோல்ட் இறங்கினால் கோளாறு உங்கள் புது லைனில் இல்லை. மெயின் சுவிட்ச், மீட்டர் டெர்மினல், அல்லது போஸ்ட்டிலிருந்து வரும் சர்வீஸ் வயர். மீட்டரும் அதற்கு முந்தியதும் கேஎஸ்இபி சொத்து, சீல் வைத்தது, யாரும் தொடக்கூடாது. 1912-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வீஸ் வயர் அலுமினியம், வீட்டு வயர் செம்பு. இரண்டும் நேரடியாகச் சேரும் இடம் மழைக்காலம் போகப் போக அரித்துத் தளரும். பழைய வீடுகளில் இது அடிக்கடி வருகிறது.

இங்கே ஒரு பொய் நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். "வோல்டேஜ் கம்மி, அதான் சூடு, ஸ்டெபிலைசர் போடுங்க" என்பார்கள். கிணற்று மோட்டாருக்கு அது பொருந்தும், வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். கார் சார்ஜர் அப்படியில்லை. 15 ஆம்பியர் என்று வரம்பு வைத்தால் அதற்கு மேல் இழுக்காது, சார்ஜ் ஏற நேரம்தான் கூடும். ஸ்டெபிலைசர் போட்டால் கைப்பணமும் போகும், தளர்வதற்குப் புதிதாக நாலு இணைப்பும் சேரும்.

4. வழக்கமாகச் சிக்கும் குற்றவாளிகள்

*சாக்கெட்.* காருடன் கொடுக்கும் சார்ஜர் 15 ஆம்பியரை மணிக்கணக்கில் இழுக்கிறது. கெய்சருக்கோ கிரைண்டருக்கோ அரைமணி நேரம் உழைத்துப் பழகிய பவர் பாயிண்ட்டுக்கு இது புது வேலை. உள்ளே இருக்கும் பித்தளை இதழ்கள் தளர்ந்துவிடும். ப்ளக் வழுக்கிக்கொண்டு சுலபமாக நுழைந்தால் அந்த சாக்கெட் முடிந்தது. ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 1293 என்ற எண்ணும் உள்ள 16 ஆம்ப் சாக்கெட்டை மட்டும் வாங்குங்கள். இன்னொன்று: கருகிய ப்ளக்கைப் புது சாக்கெட்டில் செருகினால் அதையும் கெடுத்துவிடும். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். சார்ஜரின் ப்ளக் வார்த்து ஒட்டியதாக இருந்தால் வெட்டிப் புதிது போடாதீர்கள், அது சர்வீஸ் சென்டர் வேலை. சார்ஜர் நிறுவனம் அனுமதித்தால் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடுவதே நல்லது. இறுக்கிப் பிடிக்கும், மழைச்சாரலும் தாங்கும்.

*வயர் நுனி.* பல இழை வயரை அப்படியே முறுக்கி ஸ்க்ரூவுக்குள் திணிப்பதுதான் நம் ஊர் வழக்கம். பாதி இழை வெளியே நிற்கும், மீதிப் பாதி நசுங்கும். லக் (வயர் நுனியில் மாட்டி நசுக்கும் உலோக முனை) போட்டு அழுத்தச் சொல்லுங்கள். சிலர் நுனிக்கு ஈயம் பற்றவைத்துத் தருவார்கள், பார்க்க சுத்தமாக இருக்கும். ஸ்க்ரூ அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கி இடம் கொடுத்து, சில மாதத்தில் தளர்ந்துவிடும். வேண்டாம்.

*வயரின் தடிமன்.* 15 ஆம்ப் சார்ஜருக்கு 2.5 ஸ்கொயர் போதும் என்பார்கள். புதிதாக இழுப்பதென்றால் 4 ஸ்கொயர் போடுங்கள், தனி லைனாக, வேறு எந்த பாயிண்ட்டும் சேராமல். 7.2 கிலோவாட் வால் பாக்ஸ் (சுவரில் நிரந்தரமாக மாட்டும் பெரிய சார்ஜர்) 32 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு 6 ஸ்கொயருக்குக் குறையாமல், தூரம் இருபது, இருபத்தைந்து மீட்டரைத் தாண்டினால் 10 ஸ்கொயர். கரண்ட் இரட்டித்தால் அதே தளர்ந்த இணைப்பில் சூடு நான்கு மடங்காகும் என்பதை மறக்க வேண்டாம்.

*எம்சிபி.* சாதாரணமாக எம்சிபியை 30 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டுச் செய்கிறார்கள். வெயில் படும் பெட்டிக்குள் 50 டிகிரியில் உட்கார்ந்திருக்கும் 16 ஆம்ப் எம்சிபி, 15 ஆம்பியருக்கே விழும். உடனே 32 ஆம்ப் எம்சிபியை மாட்டிக்கொடுத்துவிட்டுப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். இனி எம்சிபி விழாது, வயர் உருகும். வயரின் தாங்குதிறனைவிடப் பெரிய எம்சிபி எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

*எக்ஸ்டென்ஷன்.* மல்டி ப்ளக், கன்வெர்ஷன் பாக்ஸ், சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் கயிறு, எதுவும் வேண்டாம். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எறும்பு, பல்லி பற்றியும் ஒரு வார்த்தை. தென்னந்தோப்பு வீடுகளில் சாக்கெட் பெட்டிக்குள் எறும்புப் புற்று சகஜம். கேபிள் நுழையும் ஓட்டையை கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கும் மூடி) போட்டு அடைக்கச் சொல்லுங்கள்.

5. யாரைக் கூப்பிடுவது

கேரளத்தில் கேரள மாநில மின் உரிமக் குழுவின் பெர்மிட் உள்ள வயர்மேனையும், உரிமம் உள்ள காண்ட்ராக்டரையும் கூப்பிடுங்கள். பொள்ளாச்சியிலிருந்து வரும் எலக்ட்ரீஷியன் கைவேலையில் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் கேஎஸ்இபிக்குக் கொடுக்கும் கம்ப்ளீஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்து கேரள உரிமக்காரருடையதாக இருக்க வேண்டும். எல்லையில் இருப்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இங்கேதான்: வேலை முடிந்து, பணம் கொடுத்து, அப்புறம் கையெழுத்துக்கு ஆள் தேடுவது. கூலி பேசும்போதே உரிம எண்ணைக் கேட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். அந்த நான்கு வோல்ட் எண்கள், ஓடும் ஆம்பியர், எர்த் ரெசிஸ்டன்ஸ் எத்தனை ஓம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட், வயரின் அளவு, எம்சிபி, ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் கருவி) விவரம், தேதி, உரிம எண். எர்த் 5 ஓமுக்குள் இருப்பது நல்லது. கோடையில் மண் காய்ந்தால் எர்த் ஏறிவிடும், குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு அளந்து நல்ல எண்ணைக் காட்டும் வித்தையும் உண்டு, கவனமாக இருங்கள். ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர், ஏ டைப் கேளுங்கள். கடையில் கையிருப்பில் இருப்பது பெரும்பாலும் ஏசி டைப், பெயரில் ஓர் எழுத்துதான் கூடுதல், எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

6. செலவும் நேரமும்

விலை ஊருக்கு ஊர் மாறும், செம்பு விலையோ மாதத்துக்கு மாதம் மாறும். குத்துமதிப்பாகச் சொன்னால், நல்ல 16 ஆம்ப் சாக்கெட்டும் பெட்டியும் சில நூறு ரூபாய். நீல இண்டஸ்ட்ரியல் சாக்கெட், ப்ளக் ஜோடி ஆயிரத்துக்குள் முடியும். ஏ டைப் ஆர்சிசிபி சில ஆயிரம். வயர்தான் பெரிய செலவு, அதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். கூலியை "பாயிண்ட்டுக்கு இவ்வளவு" என்று பேசாமல், லைன் இழுப்பது, லக் போடுவது, அளந்து ரிப்போர்ட் தருவது எல்லாம் சேர்த்து மொத்தமாகப் பேசுங்கள். தனித்தனியாகப் பேசினால் ரிப்போர்ட் மட்டும் கடைசி வரை வராது.

சாக்கெட் மாற்றுவது ஓரிரு மணி நேர வேலை. டிபியிலிருந்து தனி லைன் என்றால் ஒரு முழு நாள். கேஎஸ்இபியில் வீட்டுக்குப் பதிந்த லோடைக் கூட்டும் வேலை இருந்தால் காலண்டரைப் பார்க்காமல் பொறுமையாக இருக்க வேண்டியதுதான்.

7. கேஎஸ்இபியில் செய்ய வேண்டியது

பில்லை எடுத்து உங்கள் கனெக்டட் லோடு (வீட்டுக்குப் பதிந்த மொத்த கிலோவாட்) எவ்வளவு என்று பாருங்கள். கேரளத்தில் சிங்கிள் ஃபேஸ் 5 கிலோவாட் வரைதான். 15 ஆம்ப் சார்ஜரே மூன்று கிலோவாட்டுக்கு மேல் தின்கிறது, கூட ஒரு ஏசியும் மோட்டாரும் இருந்தால் வரம்பைத் தொட்டுவிடும். 7.2 கிலோவாட் வால் பாக்ஸ் என்றால் த்ரீ ஃபேஸுக்கு மாறியே ஆக வேண்டும். அதைச் செய்யாமல் சிங்கிள் ஃபேஸ் வீட்டில் மாட்டினால், முதலில் கொதிப்பது மெயின் சுவிட்சும் மீட்டர் டெர்மினலும்தான்.

செக்ஷன் ஆபீஸுக்குப் போகும்போது 13 இலக்க கன்ஸ்யூமர் நம்பர் உள்ள கடைசி பில், அடையாளச் சான்று, வீட்டு உரிமைச் சான்று, காண்ட்ராக்டரின் கம்ப்ளீஷன் ரிப்போர்ட், சார்ஜரின் வாட் விவரம் உள்ள பக்கத்தின் நகல் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பில் இன்னும் தாத்தா பெயரில் ஓடிக்கொண்டிருந்தால் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள், இல்லாவிட்டால் பாதியில் நிற்கும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

பணக் கணக்கில் ஒரு பொறி: மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் கேரளத்தில் ஸ்லாப் கணக்கு போய், மொத்த யூனிட்டுக்கும் உயர்ந்த விலை விழும். கார் வந்தபிறகு பல வீடுகள் இந்தக் கோட்டைத் தாண்டுகின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இலவச யூனிட் வாங்கும் மச்சானிடம் கேட்டு உங்கள் பில்லைக் கணக்குப் போடாதீர்கள்.

8. வாரண்டி: வாங்கியது ஒரு மாநிலம், வீடு ஒரு மாநிலம்

நம்மில் பலர் காரை கோயம்புத்தூரில் வாங்குகிறோம். சார்ஜர் பழுதானதும் கோயம்புத்தூர்காரர், "இன்ஸ்டலேஷன் பாலக்காடு டீம்" என்பார், பாலக்காட்டுக்காரர், "வாங்கின இடத்துல கேளுங்க" என்பார். வாங்கும்போதே, சார்ஜரைப் பொருத்துவதும் வாரண்டி பார்ப்பதும் எந்தக் கிளை என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள். வாங்கி முடித்தவர்கள் இன்றே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

புகாரை போனில் மட்டும் சொல்லாதீர்கள். ஜாப் கார்டு போடச் சொல்லி, நம்பர் வாங்குங்கள். கார் இன்வாய்ஸ், சார்ஜர் சீரியல் நம்பர், இன்ஸ்டலேஷன் சான்று, காண்ட்ராக்டர் ரிப்போர்ட், போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கள். "வயரிங் கோளாறு" என்று மறுத்தால், எந்த அளவை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அளந்த எண்ணுக்கு எதிராக வாய்வார்த்தை நிற்காது.

அப்படியும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோயம்புத்தூருக்கு ஓட வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

9. ஸ்கூட்டர்காரர்களுக்கு

ஸ்கூட்டருக்குத் தனியாக வரும் கையடக்க சார்ஜரில் கதை வேறு. அதில் ஏசியை டிசியாக மாற்றும் வேலை பெட்டிக்குள்ளேயே நடக்கிறது, ஆகவே பெட்டி சூடாவது இயல்பு. காற்றோட்டம் மட்டும் வேண்டும். சீட்டுக்கு அடியில் வைத்து மூடுவது, மெத்தை மேல் வைப்பது, தூசுக்காகத் துணி போர்த்துவது எல்லாம் அதைக் கொல்லும். சிமெண்ட் தரையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஃபேன் சத்தம் நின்றுபோய் பெட்டி கொதித்தால் சர்வீஸுக்குக் கொடுங்கள். ப்ளக் சூடானால் மேலே சொன்ன அதே சோதனைதான்.

10. சரியாகும் வரை காரை எப்படி ஓட்டுவது

பல கார்களிலும் சார்ஜர்களிலும் ஆம்பியரைக் குறைக்கும் வசதி இருக்கிறது. 15-லிருந்து 10-க்கு இறக்கினால் இணைப்பில் பிறக்கும் சூடு பாதிக்கும் கீழே போய்விடும். நேரம் ஒன்றரை மடங்காகும், அவ்வளவுதான். கருகல் இல்லாத, வெறும் சூடு மட்டும் உள்ள சாக்கெட்டுக்குத்தான் இது. கருகியதில் ஒரு ஆம்பியரும் ஓட்டக்கூடாது, வெளியே பொது சார்ஜரில் போட்டுக்கொள்ளுங்கள்.

மாலை 6 முதல் 10 வரை கேஎஸ்இபிக்கு பீக் நேரம், அப்போது போடாதீர்கள். கோடையில் பத்து மணிக்கு மேலும் ஊரே ஏசி போட்டிருக்கும், அதனால் விடியற்காலையில் முடியும்படி டைமர் வையுங்கள். ஆரம்ப நாட்களில் எல்லோரும் தூங்கியபிறகு ஓட விடாமல், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் ஓட்டி ஒருமுறையாவது தொட்டுப் பாருங்கள்.

புது லைன் போட்டு ஒரு மாதம் கழித்து அதே வயர்மேனைக் கூப்பிட்டு, மெயினை இறக்கி, எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். புதுச் செம்பு வயர் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கொஞ்சம் இடம் கொடுத்திருக்கும். இதற்குக் கூலி தனியாகக் கேட்பார், முதலிலேயே மொத்தக் கூலியில் சேர்த்துப் பேசிவிடுங்கள்.